கல்யாணக் காரில் வந்த புகை

“என் மக உக்காந்தாத்தாங்க தம்பி வண்டி பொகையுது. அவ இல்லீன்னா ஒண்ணும் ஆகறதில்லீங்க.”

குழந்தைவேல் இதைச் சொன்னபோது அந்த மகள் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. அப்பா சொன்னதைக் கேட்டு அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை. பல தடவை கேட்டுப் பழகிவிட்டது போலிருந்தது.

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் இருக்கிற என் பட்டறைக்குத் தினமும் ஏதாவது ஒரு புகாரோடு வண்டி வரும். மழை பெய்தால் நின்றுபோகிறது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது, ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்பார்கள். எனக்குத் தெரிந்து, பெற்ற மகளைக் குறையாகச் சொல்லி வண்டி கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. ஆனாலும் வாடிக்கையாளர் வயதில் மூத்தவர். “சரிங்ணா, அப்ப அம்மிணியை உக்கார வெச்சே பாத்துப்போடலாம்” என்றேன்.

வெள்ளை அம்பாசிடர். பழைய வண்டிதான், ஆனால் பெயிண்ட் புதுசு, கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது. சரண்யா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். குழந்தைவேல் ஸ்டியரிங் முன்னால். நான் முன்கதவைத் திறந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாக்கப் படுத்துக்கொண்டேன். ரெக்ஸினும் பெட்ரோலும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை அடித்தது.

“செல்ஃப் அடிங்ணா.”

சாவியைத் திருப்பினார். இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றியது. இரண்டு மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது, என் முழங்கையில் சுரீரென்று சுட்டது. கையை இழுத்துக்கொண்டு பார்த்தால், சோக் கேபிள் மேலுறை உருகிச் சொட்டுகிறது. அதிலிருந்து புகை.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!”

நான் எழுந்து வெளியே வருவதற்குள் குழந்தைவேல் இறங்கி நின்றிருந்தார். “பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா!” என்றார். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பின்சீட்டில் அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். புகை வருகிறதே என்று இறங்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

மூன்று தடவை

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைவேலுக்கு எடப்பாடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் விவசாயக் காடும் ஒரு விசைத்தறிக் கொட்டகையும் உண்டு. மனைவி தவறிப்போய்ப் பல வருடம். ஒரே மகள் சரண்யா. பிறந்த குழந்தையாகச் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தது இதே அம்பாசிடரில்தான். அதனால் அவள் கல்யாணத்துக்கும் இதே வண்டிதான் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். பூ ஜோடித்து அவரே ஓட்டினார்.

மாப்பிள்ளை தினேஷ் நாமக்கல்காரன். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்தபோது கூட்டத்தில் வண்டி அணைந்துவிட்டது. இவர் பதற்றத்தில் செல்ஃபை விடாமல் அடித்திருக்கிறார். டேஷ்போர்டிலிருந்து குபுகுபுவென்று புகை. பெண்ணும் மாப்பிள்ளையும் இருமிக்கொண்டு இறங்கி ஓட, ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த அம்மாள் பயந்து தட்டைக் கீழே போட்டுவிட்டார். வாசலெல்லாம் சிவப்புத் தண்ணீர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுவீட்டு விருந்துக்கு அழைத்துப்போக வந்தபோது, அதே வாசலில் மறுபடியும் புகை. ஆடிக்குப் பஸ்ஸில் வந்து அப்பா வீட்டில் இருந்த மகளை ஆவணி பிறந்ததும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று சம்பந்தியம்மாள் சொல்ல, திரும்ப ஸ்டார்ட் செய்திருக்கிறார். சரண்யா இன்னும் இறங்கவில்லை. மூன்றாம் தடவையும் புகை. அன்று மத்தியானம் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் படுக்கையில் கிடக்கிற மனிதருக்கு இரவும் பகலும் பணிவிடை செய்கிற மனைவியிடம் போய் நாம் அந்தப் பழமொழியைச் சொல்ல முடியுமா? “கொஞ்ச நாளைக்குப் பொண்ணு உங்க ஊட்டுலயே இருக்கட்டும்” என்று சொல்லியனுப்பினார்கள். சரண்யா ஒரு பையோடு எடப்பாடி பஸ் ஏறினாள். கொஞ்ச நாள் என்பது தீபாவளி தாண்டியும் முடியவில்லை.

இடையில் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் பார்த்திருக்கிறார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் உருகியிருக்கிறது, அதனால் வயர்தான் குற்றவாளி என்று புது வயர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உருகியதை மாற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. புது வயரும் உருகியபோதுதான் குழந்தைவேலுக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டில் பேச்சு வைத்திருந்தார்கள். சரண்யாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதா, இல்லையா என்பதுதான் பேச்சு. அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார்.

தானாகக் கத்திய ஹாரன்

இந்த இடத்தில் ஒரு லாரிக் கதை ஞாபகம் வருகிறது. சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

ஏற்காடு மலைக்குச் சரக்கு ஏற்றிப்போகிற டிரைவர் ஒருவர். கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினாரென்றால் ஹாரன் தானாகக் கத்துமாம். கை வைக்காமலே கத்தும், வளைவு முடிந்ததும் நின்றுவிடும். அங்கே எப்போதோ அடிபட்டுச் செத்த ஒருவனின் ஆவி வழி கேட்கிறது என்று கிளீனர் சொல்லிவிட்டான். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், கோழிகூட அறுத்தார்கள். ஆவி மசியவில்லை.

என்னிடம் வந்தபோது நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பட்டறையிலேயே ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். ஹாரன் அலறியது. ஸ்டியரிங் தண்டுக்குள் போகிற ஹாரன் வயர் தோல் உரிந்து கிடந்தது. முழுசாக ஒடித்தால் இரும்பில் படும், ஹாரன் கத்தும். கொண்டை ஊசி வளைவில்தானே யாரும் முழுசாக ஒடிப்பார்கள்! அந்த டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். கிளீனரைக் கூப்பிட்டு, “ஏண்டா, உன்ற பேய் இதாண்டா” என்று தலையில் தட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான் என்று நானும் சிரித்தேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்போதெல்லாம் நான் ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டிருந்தேன். குறை எங்கே என்று காட்டிவிட்டால் மனிதர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

போன கரண்ட் திரும்ப வேண்டும்

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் லாரிக்கு மரத்தில் பாடி கட்டுவார்கள். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகிற கரண்ட், வேலையை முடித்துவிட்டுப் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். கார் முழுக்க இரும்பு, அதனால் தகடு வழியாகவே திரும்பிவிடும். மரத்தில் அது நடக்காது. ஆகவே எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் எந்த விளக்குக்கும் போக ஒரு வயர், திரும்ப ஒரு வயர் என்று இரண்டாக இழுத்துப் பழகியவன். அந்தத் திரும்புகிற வழிக்குத்தான் எர்த் என்று பெயர்.

குழந்தைவேலின் காருக்கும் எங்கள் ஊர் ஆட்கள்தான் கல்யாணத்துக்கு முன்னால் வயரிங் செய்திருந்தார்கள். லாரிப் பழக்கத்தில் எல்லா விளக்குக்கும் தனித்தனி எர்த் வயர். விளக்கெல்லாம் ஜோராக எரிந்தது. அதனால் எர்த்தில் குறை இருக்கும் என்று எவனுக்கும் சந்தேகமே வரவில்லை.

எனக்கும் உடனே வரவில்லை. உருகியது வயர் இல்லையே, சோக் கேபிள் அல்லவா என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சோக் கேபிள் என்பது குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடப் பெட்ரோல் கொடுக்க இழுக்கிற வெறும் கம்பி. கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தமில்லாத ஒன்று ஏன் சுடுகிறது?

மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் மேலும் இன்னொன்றைக் காரின் தகட்டிலும் வைத்து, ஒரே ஒரு நொடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தால் மீட்டர் சும்மா இருக்க வேண்டும். எண் தாவி ஏறியது. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் காரின் உடம்புக்கும் நடுவே தடித்த பின்னல் பட்டை ஒன்று இருக்கும். இன்ஜினோடு பூட்டிய செல்ஃப் மோட்டார் இழுக்கிற அத்தனை கரண்டும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பட்டை இருக்க வேண்டிய இடத்தில் பட்டை இல்லை.

வழி அடைபட்டதும் கரண்ட் கிடைத்த சந்தில் நுழைந்து போயிருக்கிறது. இன்ஜினையும் டேஷ்போர்டையும் தொடுகிற இரும்பு அந்தச் சோக் கம்பிதான். பாவம், அது தனக்குச் சம்பந்தமில்லாத சுமையைத் தாங்கிச் சிவந்து, பக்கத்தில் இருந்த வயரையெல்லாம் உருக்கியிருக்கிறது.

மரத்தடிக்குப் போ அம்மிணி

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் குழந்தைவேலின் கேள்விக்கு அது பதில் இல்லையே. மகள் இருந்தால் மட்டும் ஏன் புகைகிறது?

“ஏனுங்ணா, எடப்பாடியில ஊட்டுல இருந்து எப்படி ஸ்டார்ட் பண்றீங்க?”

“செல்ஃப் எதுக்குங்க தம்பி? எங்க ஊட்டு முன்னால சரிவு. கியர்ல போட்டு உருட்டி உட்டா தன்னால எடுத்துக்கும். பேட்டரி மிச்சம் பாருங்க.”

“சந்தைக்குப் போனா?”

“அங்கயும் மேடு பாத்துத்தான் நிறுத்துவனுங்க. இல்லீன்னா நாலு பேரு தள்ளி உடுவாங்க.”

“சம்பந்தி ஊட்டுல?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சம்பந்தி ஊட்டு வாசல்ல போயி வண்டியத் தள்ளச் சொன்னா மரியாதையா இருக்குமுங்களா? அங்க மட்டுந்தான் செல்ஃப் அடிப்பேன்.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். அங்கே அவர் செல்ஃப் அடித்த மூன்று தடவையும் வண்டிக்குள் சரண்யா இருந்திருக்கிறாள். புகைந்த பிறகு ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளித்தான் கிளப்பியிருக்கிறார்கள். சரண்யா இல்லாத வண்டியில் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும் என்று இத்தனை மாதத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அம்மிணி, சித்தெ எறங்கி அந்த வேப்பமரத்துக்கிட்டப் போய் நில்லு சாமி.”

அவள் போய் நின்றாள். நானே உட்கார்ந்து செல்ஃப் அடித்தேன். முதல் தடவை வந்த அதே புகை, அதே நாற்றம்.

குழந்தைவேல் புகையைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார், மறுபடி புகையைப் பார்த்தார். சரண்யா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். நான் போய்த் தேற்றவில்லை. அது அவள் அப்பா போக வேண்டிய இடம். அவரோ கையைப் பிசைந்துகொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

இரண்டு போல்ட்

பட்டையை யார் கழற்றியது என்று கண்டுபிடிக்க மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. பட்டை பூட்டுகிற இரண்டு போல்ட்டும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் வெள்ளைப் பெயிண்ட் விரிசல் இல்லாமல் வழவழவென்று மூடியிருந்தது. பெயிண்ட் அடித்த பிறகு கழற்றியிருந்தால் அடியில் பளிச்சென்று இரும்பு தெரிந்திருக்கும். பெயிண்டுக்கு முன்னால் கழற்றியிருக்கிறார்கள், திரும்பப் பூட்டவில்லை.

லாரிப் பெயிண்ட் பட்டறைக்காரர்களுக்குத் துளி இரும்புகூட வெளியே தெரியக்கூடாது. துருப் பிடித்துவிடும் என்று போல்ட், நட்டு எல்லாவற்றையும் குளிப்பாட்டிவிடுவார்கள். எண்ணெயும் அழுக்கும் ஏறிய அந்தப் பழைய பட்டை அவர்கள் கண்ணுக்குக் கந்தையாகத் தெரிந்திருக்கும், தூக்கி எறிந்திருப்பார்கள்.

“பெயிண்ட் எங்கண்ணா அடிச்சீங்க?”

மரத்தடியிலிருந்து முகம் கழுவி வந்த சரண்யாதான் சொன்னாள். “எங்க சின்ன மாமனாருங்க. அவரோட சித்தப்பா. நம்ம சம்பந்தி வண்டி, நானே அடிச்சுத் தாரேன்னு கொண்டுபோனாருங்க.”

தினேஷின் சித்தப்பா. பெரியதம்பி என்று பெயர், லாரிப் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

குழந்தைவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இதை மட்டும் அங்க சொல்லீராதீங்க. அவரு மேல குத்தம்னு நாம போயி நின்னா பொண்ணு எப்படி அந்த ஊட்டுல வாழும்? எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிப்போடலாமுங்க.”

“எலி எதுக்குங்கப்பா?” என்றாள் சரண்யா. “இத்தனை நாளா நான் கேக்காத பேச்சு இல்லை. உண்மையச் சொன்னா என்னங்க?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மாரு.”

நான் எலி என்று சொல்ல மாட்டேன், யாராவது கேட்டால் இருப்பதைத்தான் சொல்வேன் என்று அவரிடம் கறாராகச் சொன்னேன். பெயிண்டைச் சுரண்டி, புதுப் பட்டை பூட்டி, சோக் கேபிளும் வயர்களும் மாற்றினேன். பிறகு சரண்யாவை உட்கார வைத்துத் தொடர்ந்து செல்ஃப் அடித்தேன். சோக் கம்பி குளிர்ந்தே இருந்தது.

“மாப்பிள்ளை என்ன சொல்றாரும்மா?” என்று அவளிடம் கேட்டேன்.

“அவரு நல்லவருங்ணா. பேசத்தான் மாட்டாரு.”

வெள்ளிக்கிழமை

நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ரிப்பேர் செய்தவன் வந்து சொன்னால் நம்புவார்கள் என்று குழந்தைவேல் கெஞ்சினார். எனக்கும் உள்ளூர ஒரு ஆசை, ஹாரன் கதையைப் போல இதுவும் சிரிப்பில் முடியும் என்று.

சம்பந்தியம்மாள் கெட்டவர் இல்லை. வந்ததும் மோர் கொடுத்தார். சரண்யாவைப் பார்த்து, “எளைச்சுட்டியே கண்ணு” என்றார். உள் அறையிலிருந்து மாமனார் வலியில் அனத்துகிற சத்தம் கேட்டது. மருந்து நெடி வீடு முழுக்க இருந்தது. தினேஷ் ஒரு நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பெரியதம்பி சோபாவில், வெள்ளை வேட்டி சட்டையில்.

நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தைவேல் முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்லீங்க, எலி. வயரைக் கடிச்சு வெச்சிருக்குது. எல்லாம் சரி பண்ணியாச்சுங்க.”

“எலியா?” என்றார் சம்பந்தியம்மாள். “புடிச்சீங்களா?”

நம்ப வைக்க வேண்டுமே என்று இவர் இன்னும் ஒரு படி மேலே போனார். “உள்ளுக்குள்ளயே செத்துக் கெடந்துச்சுங்க.”

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அட கெரகமே! புள்ளையார் வாகனம் செத்துக் கெடந்த வண்டிலயா பொண்ண அழச்சுட்டு வந்தீங்க? அதாங்க எங்க ஊட்டுக்காரரு படுத்துட்டாரு.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இனி பொறுக்க முடியாது என்று நான் நடந்ததைச் சொன்னேன். எலி இல்லை, பெயிண்ட் அடிக்கும்போது கழற்றிய எர்த் பட்டையைத் திரும்பப் பூட்டாமல் விட்டதுதான் காரணம், சரண்யா இல்லாமலும் வண்டி புகைந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

பெரியதம்பி கோபப்படவில்லை. நிதானமாகச் சிரித்தார். “இப்பத்தான் எலின்னீங்க. எலி செத்தே போச்சுன்னீங்க. இப்ப நானா? நான் பெயிண்ட்தான் அடிச்சேன் தம்பி, ஒரு வயர்லயும் கை வெக்கலை. வண்டி என்ற பட்டறையில இருந்து ஓடித்தான போச்சு?”

“உங்க ஆளுங்க தள்ளி உட்டாங்களா, செல்ஃப் அடிச்சுக் கொண்டுபோனாங்களா?” என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நான் விடவில்லை.

“வாசல்லதான் வண்டி நிக்குது. பட்டையக் கழட்டிட்டு நானே செல்ஃப் அடிக்கறேன். அம்மிணி இங்க உங்க கண்ணு முன்னாலயே உக்காந்திருக்கட்டும். பொகை வருதா இல்லையான்னு பாத்துருங்க” என்றேன்.

சம்பந்தியம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். “வேண்டவே வேண்டாமுங்க! இன்னொரு தடவை என்ற வாசல்ல அந்தப் பொகை வரப்படாது.”

நிரூபிக்கிற ஒரே வழியும் அதோடு அடைபட்டது. சரண்யா கணவனைப் பார்த்தாள். “நீங்க என்னங்க சொல்றீங்க?” என்று நேராகவே கேட்டாள். தினேஷ் நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்தான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அப்போது பெரியதம்பிதான் தீர்ப்புச் சொன்னார். “அண்ணி, பாவம் அந்தப் புள்ளைய எதுக்குச் சொல்றீங்க? பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லை. கெரகம் பூராம் அந்த வண்டி மேலதான். அதை ஒழிச்சுப்போட்டாத் தீந்துச்சு. பொண்ணு நம்ம ஊட்டுக்கு வரட்டும்.”

சம்பந்தியம்மாளின் முகம் தெளிந்தது. “அதுவுஞ் சரிதான். ஆனா விக்கப்படாதுங்க சம்பந்தி. இன்னொரு ஊட்டுக்கு அந்தக் கெரகம் போகப்படாது பாருங்க. ஒடச்சுப்போடோணும்.”

அந்த அம்மாள் மனசறிந்து நல்லதைத்தான் சொன்னார். குழந்தைவேல் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒடச்சறேனுங்க. நாளைக்கே ஒடச்சறேனுங்க” என்றார். பெரியதம்பியைப் பார்த்தும் கும்பிட்டார், கண்ணில் நீர் வழிய. எவ்வளவு பெரிய மனசு என்று அந்த வீட்டில் எல்லோரும் பெரியதம்பியைப் பார்த்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். மோர் குடித்த வாய் கசந்தது.

உடைக்கிற இடம்

பழைய லாரிகளை உடைக்கிற யார்டு ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. குழந்தைவேலால் ஓட்ட முடியவில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பட்டறையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். “நான் வாரேங்ணா” என்று சரண்யா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் ஒரே இழுப்பில் இன்ஜினைக் கிளப்பியது. அத்தனை சுத்தமாக அந்த வண்டி வெகு காலம் ஸ்டார்ட் ஆகியிருக்காது. என் வேலையில் எனக்கு வெறுப்பு வந்த நாள் அது ஒன்றுதான். உடைக்கிற இடத்துக்குத் தானாக ஓடிப்போவதற்காகவா ஒரு வண்டியை ரிப்பேர் செய்வார்கள்?

வழி முழுக்க அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். சோளக்காட்டுக் காற்று குப்பென்று அடித்தது. டேஷ்போர்டில் புது சோக் குமிழ் பளபளத்தது. அவள் அதை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

யார்டுக்குள் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கேஸ் கட்டரோடு இரண்டு பேர் வந்தார்கள். “நல்லா ஓடற வண்டியாட்ட இருக்குதே, எதுக்குங்க ஒடைக்கறீங்க?” என்று ஒருவர் கேட்டார். “ஊட்டுல சொல்லிட்டாங்க” என்றேன்.

அவர்கள் முதலில் பானட்டைக் கழற்றினார்கள். பிறகு பேட்டரியை எடுத்தார்கள். நான் பூட்டிய புதுப் பட்டை வெயிலில் தெரிந்தது. அதையும் ஒருவர் வெட்டி எடுத்து, செம்பு தனி என்று ஒரு சாக்கில் போட்டார். இனி பார்க்க வேண்டாம் என்று நான் திரும்பினேன்.

எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, “வுடு அம்மிணி. வண்டி போனாப் போகுது. உன்னைச் சேத்துக்கறாங்கல்ல, அது போதும்” என்றேன்.

அவள் அழவில்லை. வெட்டுகிற தீப்பொறியைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“எனக்குப் பதிலா இப்ப வண்டி போகுதுங்ணா. அந்த ஊட்டுல அடுத்த தடவை யாராச்சும் விழுந்து வெச்சா, குடுக்கறதுக்கு எங்கப்பாகிட்ட இன்னொரு வண்டி இருக்குதுங்களா?”